முத்திருளன் சண்டையை நிறுத்தியது

உசிலம்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் முத்திருளன் ஒரு சண்டைக்காரர். இதை அவரே மறுக்கமாட்டார். டவுன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றால் டிரைவரோடு சண்டை. பருத்திக்கொட்டையில் தூசி இருந்தால் லாரிக்காரரோடு சண்டை. விசேஷ வீட்டுப் பந்தியில் ரசத்துக்கு உப்புப் பத்தவில்லை என்றால், சமையல்காரரை இலைக்கு முன்னால் வரவழைத்து அவரையே குடித்துப் பார்க்கச் சொல்வார். மனைவி முனீஸ்வரியின் தம்பி சிவபாண்டியோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு காதுகுத்தில் யாருக்கு முதலில் மாலை போட்டார்கள் என்பதில் வந்த தகராறு அது.

அறுபத்தேழாவது வயதில் அவர் சண்டையை நிறுத்தினார்.

பஸ் தள்ளி நின்றது. இறங்கிப் பேசாமல் நடந்து வந்தார். தீவனம் சரியில்லை என்று ஒரு ஆள் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார், வாங்கி வைத்துக்கொண்டார். கடைக்கு வரும் ஆட்கள் கூடினார்கள். மனிதர் பக்குவப்பட்டுவிட்டார் என்று ஊர் பேசியது. சிலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவரை உதாரணமாகக் காட்டினார்கள்.

இதைக் கேள்விப்பட்டு சிவபாண்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தார்.

“மச்சான், நடந்தத மறந்துருவோம்.”

“சரி” என்றார் முத்திருளன்.

மிச்சப் பேச்சு சிவபாண்டிக்குத் தேவைப்படவில்லை. காபி குடித்துவிட்டுப் போனார். அன்று முனீஸ்வரி அடுப்படியில் நின்று அழுதாள். தம்பி வந்த சந்தோஷம் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காபியை முன்னால் வைத்தால், குடிங்க என்று சொல்லும்வரை அது ஆறிக்கொண்டிருக்கும். டிவியை அவராகப் போடமாட்டார். யாராவது போட்டுவிட்டால் காய் வெட்டும் மிஷின் விளம்பரத்தைக்கூட விடாமல் பார்ப்பார். முகச்சவரம் கிடையாது. ஒருநாள் கடைப் பூட்டு தவிட்டு மூட்டைக்குள் கிடந்தது. மகள் பவதாரிணி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சூப்பர்வைசராகிவிட்டதாக அவள் போன் செய்தபோதும் சரி என்றுதான் சொன்னார். அவள் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் போன் செய்யவில்லை.

தன்மேல்தான் ஏதோ கோபம் என்று முனீஸ்வரி முதலில் நினைத்தாள். என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். பிறகு சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டி ஏசினாள். அதையும் டிவி விளம்பரம் போலவே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறது என்றார்.

முனீஸ்வரி கையைக் கழுவிவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். “ஒங்கப்பாவுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆகிப்போச்சுத்தா. உப்பில்லாத கொழம்பத் தின்னுட்டு நல்லாருக்குங்குறாரு.”

பவதாரிணி மறுநாளே லீவு போட்டு வந்தாள்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா நிறையக் கேள்வி கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். முத்திருளன் வட்டம் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதா, அழுகை வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். கஷ்டமில்லை, அழுகையில்லை, தூக்கம் வருகிறது. ஸ்கேனும் பார்த்த பிறகு, மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இது சோம்பலும் இல்லை, கோபமும் இல்லை. கவலை நோய் என்றால் அதற்குத் தனியாக மாத்திரை உண்டு. இது அதுவும் இல்லை. எழுந்து ஒரு காரியத்தைச் செய் என்று மூளை சொல்லுமே, அந்தச் சொல் இவருக்குக் கிடைப்பதில்லை. இதில் இவருக்குக் கஷ்டம் குறைவு, உங்களுக்குத்தான் அதிகம். செய்வோமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்பார். நீங்களே தொடங்கிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

முனீஸ்வரி சொன்னாள்: “அவுக என்னைய ஏவித்தான் பழக்கம் டாக்டரம்மா. நான் அவுகள ஏவுனதே இல்ல.”

“இனிமே ஏவுங்க.”

விஷயம் தெரிந்து சிவபாண்டி மறுபடி வந்தார். இந்த முறை பழம் இல்லை. அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப மச்சான் என்னைய மன்னிச்சது கணக்குல சேருமாக்கா, சேராதா?”

முனீஸ்வரி யோசித்தாள். “சேத்துக்க” என்றாள்.

ஏவுவது அவளுக்கு லேசில் வரவில்லை. வெயில் ஏறிவிட்டதே என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முத்திருளனும் சுவரைப் பார்த்தார். மூன்று நாலு நாள் இப்படிப் போனது. அப்புறம் ஒரு காலையில், “எந்திரிங்க” என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்துவிட்டார். அடுத்து என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அதிலிருந்து அடுத்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் சொல்லைச் சொன்னாள். ரேசரைக் கையில் கொடுத்துக் கன்னம்வரை கொண்டுபோய்விட்டால் மீதியை அவரே வழித்துக்கொள்வார். கடையில் முறத்தைக் கையில் கொடுத்தால் தவிட்டை அள்ளிப் போடுவார். அவள் நிறுத்துக் கட்டுவாள். சில நாள் அதுவும் நடக்காது. அன்றைக்கு அவர் நாற்காலியில் இருப்பார், அவள் இரண்டு பேர் வேலையையும் பார்ப்பாள், யாரையும் ஏசமாட்டாள். பவதாரிணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவைக் கைபிடித்துக் கண்மாய்க்கரை வரை நடத்திக் கூட்டிவருவாள். கம்பெனிக் கதையெல்லாம் சொல்வாள். அவர் சரி, சரி என்பார். அந்தச் சரிக்கு அவள் இப்போது வருத்தப்படுவதில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெய்த மழையில் சாக்கடை நிரம்பித் தெருத் தண்ணீர் கடைக்குள் வந்தது. “ஒரு பக்கம் புடிங்க” என்றாள் முனீஸ்வரி. பிடித்தார். இரண்டு பேருமாக மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பலகைமேல் ஏற்றினார்கள். வருஷக்கணக்கில் அவர் அம்புட்டு வேலை செய்து அவள் பார்த்ததில்லை. எல்லாம் ஏற்றி முடிந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பிப் பார்த்தால் முத்திருளன் ஏற்றிய மூட்டை ஒன்றைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். தொடங்குவதற்கு மட்டுமல்ல, நிறுத்துவதற்கும் ஆள் சொல்லவேண்டும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“போதும். விட்டுருங்க.”

விட்டார்.

“ஒக்காருங்க.”

உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முனீஸ்வரி அதையும் துடைத்துவிட்டு, பலகையில் அவருக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வடியட்டும் என்று இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.