ஆடு கடித்த கவர்

போன வாரம் நசீர் கடையில் பிரியாணி வாங்கினேன். டப்பா புதுசு. காக்கித் தாள் நிறத்தில் அட்டை, குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றி நடுவில் முடிச்சு. வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தால் விரல் வழுக்குகிறது. நூல், அச்சடித்த நூல். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்ததே என்று துடைத்துப் பார்த்தேன். அதுவும் அச்சு. கோணல்மாணலான கையெழுத்தில் ‘வீட்டுப் பக்குவம்’ என்று வேறு போட்டிருந்தது. சோறு ஆறுகிறது, நான் கறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து இந்தக் கறைக்காக உயிரை விட்டிருப்பார். எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் ஒரு கறைக்காக உயிரை விட்டவள்தான்.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். டிசைனர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, மூன்றும்தான் தொழில். மூன்றுக்கும் பின்னணியில் ஒரே சூரியன். அஞ்சலி என்றால் அதை மறைய விடுவோம், காதுகுத்து என்றால் உதிக்க விடுவோம். உண்மையில் படம் ஒன்றுதான், நிறத்தைத்தான் கொஞ்சம் மாற்றுவேன். “ஏம்மா, சித்தப்பா மூஞ்சி சின்னதாப் போச்சுன்னு சண்டைக்கு வந்துட்டாக” என்று முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு வருவார். நான் சித்தப்பாவைப் பெரிதாக்குவேன். பிறகு பெரியப்பா வருவார்.

அது மின்வெட்டுக் காலம். நினைவிருக்கிறதா உங்களுக்கு? கரண்ட் போன நேரத்தைவிட இருந்த நேரத்தைச் சொல்வதுதான் சுலபம். போனதும் தெருவே வாசலுக்கு வந்துவிடும். டிவி இல்லை, மிக்சி இல்லை, யார் வீட்டிலும் சத்தமில்லை. மைக் இல்லாமல் பாடினாலும் தெருக்கோடி வரை கேட்கும். என்னோடு பள்ளியில் படித்த நசீருக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. அவன் கிடாரை எடுத்துக்கொண்டு பாட, சின்னாளபட்டியிலிருந்து பாண்டி தன்னிடம் இருந்த ஒரே ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வர, இசைக்குழு தயார். பெயர் ‘கரண்ட் கட்’. அமைச்சர் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பாண்டி கொஞ்ச நாள் பயந்தான். அந்த அளவுக்கு யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

நசீருடைய அத்தாவுக்குப் பிரியாணிக் கடை. அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பாட்டு விஷயத்தில் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது, நேரம்தான் கிடையாது. நசீர் இரண்டு வரி பாடுவதற்குள், “பிரியாணிக்குத் தம் போட்டுட்டு வந்துருக்கேன்டா” என்று எழுந்துவிடுவார். ஒரு நாள் தெளிவாகச் சொல்லிவிட்டார். “பக்ரீத் வரைக்கும் ஒம் பாடு. அதுக்கப்புறம் கல்லாவுல வந்து உக்காரு.” நசீரும் தலையை ஆட்டிவிட்டான். என்னிடம் மட்டும் சொன்னான்: “கல்லாவுல உக்காரச் சொன்னா உக்காந்துட்டுப் போறேன் புள்ள. அத்தா ஒரே ஒரு பாட்ட முழுசாக் கேட்டா போதும்.”

சிடி போட்டதே அதற்காகத்தான். அத்தாவின் பழைய வேனில் ஒரு சிடி பிளேயர் இருந்தது. உலகமெல்லாம் நெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ஒரு வேனை நம்பி சிடி போட்டோம்.

கவர் என் பொறுப்பு. “கடையில வாங்குன மாதிரி இருக்கக் கூடாது, வீட்ல செஞ்ச மாதிரி இருக்கணும்” என்றான் நசீர். கை பழக்கத்தை விடுமா? முதல் டிசைனில் நசீரும் பாண்டியும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் கைகூப்பி நின்றார்கள், பின்னால் சூரியன். நசீர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “யாருக்குக் காது குத்துறோம்?” என்று கேட்டான். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. பழைய தாள், கசங்கல், அதன் மேல் ஒரு மஞ்சள் கறை என்று கம்ப்யூட்டரிலேயே வரையத் தொடங்கினேன். கறை லேசில் வராது. வட்டமாக இருந்தால் சூரியனாகிவிடுகிறது, கோணலாக இருந்தால் இலங்கையாகிவிடுகிறது. கடைசியில் ஒரு நாள் அசல் கறையே வந்துவிட்டது. இதை சேவ் பண்ண வேண்டும் என்று நினைத்தேன், கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் எப்போதோ செத்திருந்தது.

இருட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களுக்குச் சேர்ந்து அறிவு வந்தது. வீட்டில் செய்த மாதிரி இருக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்தால் என்ன?

அத்தா கடையில் பார்சல் கட்டும் காக்கித் தாள் கிடைத்தது. குழுவின் பெயரைப் பிரியாணி அடுப்புக் கரியால் எழுதினேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி பீட்ரூட் சாற்றில் தோய்த்து அச்சுக் குத்தினால் நல்ல பூ. கறைக்கு மஞ்சள் தண்ணீர். கை பட்டுச் சிந்தினால் கறை. நான் அத்தனை நாள் மல்லாடியதை பாண்டி டம்ளரைக் கவிழ்த்துச் செய்து முடித்தான். ஒட்டுவதற்கு மைதாப் பசை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சியும் ஆடுமாடும் வாய் வைக்காமலிருக்க. எங்கள் முதலாளியும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். அம்மா பார்த்துவிட்டாள். “எஞ் சட்டியில வெஷத்தக் காய்ச்சப் போறியா? நாளைக்கு வெஞ்சனம் எதுல வைக்க?” பொட்டலம் சாக்கடைக்குப் போனது. ருசிக்குக் கொஞ்சம் உப்பும் போட்டுத் தொலை என்று கேலியாகச் சொன்னாள், பாண்டி நிஜமாகவே போட்டுவிட்டான்.

நூறு கவர் இருக்கும். நசீர் வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டுக் கீழே வந்து டீ குடித்தோம். மறுநாள் சாயங்காலம் வெளியீடு. பக்ரீத்துக்கும் அதிக நாள் இல்லை. குர்பானிக்காக அத்தா வாங்கி வந்த கிடா மாடிப்படிக்குக் கீழேதான் கட்டிக் கிடந்தது. கட்டிக் கிடந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

போய்ப் பார்த்தபோது பாதிக்கு மேல் முடித்திருந்தது. உப்புப் போட்ட பசை, வெண்டைக்காய், பீட்ரூட். அதற்குக் கிடைத்தது விருந்து. எங்கள் ஆல்பத்தை முதலில் முழு ஈடுபாட்டோடு அனுபவித்தது அந்தக் கிடாதான்.

நாங்கள் கவருக்காக அழ, அத்தா கிடாவுக்காகப் பதறினார். குர்பானி கொடுக்கும் ஆட்டுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. அவர் கையாலேயே தழை கொடுத்து வளர்த்தது வேறு. “என்னத்தடா கலந்தீக? ஒண்ணு விடாமச் சொல்லு!” நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். மைதா, தண்ணி, மஞ்சள், பீட்ரூட், வெண்டைக்காய், உப்பு, உங்கள் கடைக் கரி. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. “துத்தம்?”

“போடல அத்தா. அம்மா விடல.”

கிடாவின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்களும் சுற்றி நின்றோம். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படுத்து, நிதானமாக அசை போட ஆரம்பித்தது. அத்தா மூச்சு விட்டார். “ஒங்கம்மா நல்லா இருக்கட்டும்” என்றார். அப்புறம்தான் கீழே கிடந்த ஒரு கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூலையில் கடித்த தடம். “இதுக்குள்ள என்ன வைப்பீக?”

“பாட்டுத்தான் அத்தா” என்றான் நசீர்.

“ஒண்ணு குடு.”

மறுநாள் காலையில் கடை வாசலில் வேன் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டு அத்தா உள்ளே உட்கார்ந்திருந்தார். நானும் நசீரும் எதிர் டீக்கடையில் நின்று கண்ணாடிக்குள் தெரிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தலை ஆடவும் இல்லை, திரும்பவும் இல்லை. சமையல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். “பாய், தம் ஒடைக்கணும்.” அத்தா உள்ளேயிருந்து கையைக் காட்டினார். இரு என்று. நசீர் என் கையைப் பிடித்துக்கொண்டான். டம்ளரில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது.

இறங்கி நேராக எங்களிடம் வந்தார். “மூணாவது பாட்டுல கடைசியா ஒரு எடத்துல இழுக்குறேல்ல? அத இன்னுஞ் செத்த நேரம் இழுத்திருக்கலாம்டா.” சொல்லிவிட்டு தம் உடைக்கப் போய்விட்டார். நசீர் அழுதான். நானும்தான், ஆனால் கரிப்புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வெளியீட்டில் ஆடு கடித்த கவர்கள்தான் முதலில் விற்றன. சென்னையிலிருந்து வந்த ஒருவர் மூலையைத் தடவிப் பார்த்து, இந்த வெட்டுக்கு என்ன மெஷின் என்று விசாரித்தார். வாடகைக்கு எடுத்தது, பக்ரீத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பாண்டி சொல்லிவிட்டான்.

பக்ரீத் முடிந்தது. சொன்னபடி நசீர் கல்லாவில் உட்கார்ந்தான். பாண்டி திருப்பூருக்குப் போனான். கரண்டும் ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள், எங்கள் குழு ஒழிந்தது. பாட்டெல்லாம் இருந்த கம்ப்யூட்டரைப் பின்னால் வந்த ஒரு மின்னல் தின்றுவிட்டது. விற்ற சிடிகள் வெள்ளி உரிந்து போயின. என்னிடம் ஒரு கவர் மட்டும் இருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த ஒரே சிடி, அத்தாவின் வேனில் இருந்ததுதான். பட்டன் உடைந்து அது வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. பல வருஷம் அவர் வேறு எதையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவர் மௌத்தாகி அடக்கமான பிறகு வேனை ஆயக்குடிக் கொய்யா வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சிடி ஞாபகம் வந்து நசீர் போன் போட்டபோது அவர் சொன்னாராம்: “ஏனுங்க, அந்தப் பொட்டிய முந்தாநேத்துத்தானுங்க கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன். ஒரே ஆளு பாடிக்கிட்டே இருந்தானுங்க, நிறுத்தவே முடியலீங்க.”

முந்தாநாள் திரும்பவும் நசீர் கடைக்குப் போனேன். “டப்பா எப்பிடி? சென்னைக் கம்பெனி” என்றான். “கறை பிரமாதம்” என்றேன். சிரித்தான். அந்த மூன்றாவது பாட்டைக் கொஞ்சம் பாடேன் என்று சும்மாதான் கேட்டேன். கல்லாவில் இருந்தபடியே சின்னக் குரலில் ஆரம்பித்தான். கடைசியில் அந்த இடம் வந்தது. இழுத்தான். எனக்குப் பின்னால் நின்றவர், “பாய், ரெண்டு பார்சல்” என்றார். நசீர் பாட்டை நிறுத்தாமல் கையைக் காட்டினான். இரு என்று.

சிடியில் அந்த இடம் இவ்வளவு நீளம் கிடையாது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சிடியும் இல்லை, நீளம் போதுமா என்று சொல்ல அந்த மனுஷரும் இல்லை.