கிளம்பும்போது உட்காருவது

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போன முதல் வருஷத்தில் எனக்குப் பிடித்தது என்று எதுவுமே இல்லை. குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிக்கொண்டு வரும். கடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். கம்பும் அல்லாத, கோதுமையும் அல்லாத ஒரு தானியத்தை வேகவைத்துத் தட்டில் போடுவார்கள். எங்கள் வீட்டு மாட்டுக்கு வைத்தால் அது முறைத்துப் பார்க்கும். ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரிகிற வீட்டில் வளர்ந்தவள் நான். ரஷ்யாவில் ஜன்னலைத் திறக்கவே முடியாது. குளிருக்குப் பயந்து இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் நான் எடுத்துக்கொண்ட ஒரே பழக்கம் என் அறைத்தோழி சொல்லித் தந்தது. முதல் லீவுக்குக் கிளம்பியபோது, கதவருகே போன என்னை நிறுத்திப் பெட்டி மேலேயே உட்காரச் சொன்னாள். அவளும் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எழுந்து, "இப்போது போ" என்றாள். தூரப் பயணம் கிளம்பும்போது போகிறவர், வீட்டில் இருப்பவர் எல்லோரும் அப்படி உட்கார வேண்டுமாம். அப்போதுதான் போனவர் திரும்பி வந்து எல்லோரையும் பார்ப்பாராம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

நான்காம் வருஷ லீவில் வந்தபோது அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ். மரவள்ளிக் காட்டில் நாள் முழுக்க நின்ற மனுஷன், கட்டிலில் ஒரு ஓரமாக ஒடுங்கிக் கிடந்தார். படிப்பை நிறுத்திவிட்டுக் கூடவே இருக்கிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

கிளம்பும் நாளில் கார் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனவள், என்னையறியாமல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் கிளம்பியவர் உட்கார்ந்தால் சகுனம் சரியில்லை என்று அர்த்தம். பூனை குறுக்கே போயிருக்கும், இல்லை யாராவது தும்மியிருப்பார்கள். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள்.

"கெளம்பிக்கினு இருக்கசொல்ல ஏன்டி உக்காந்த? இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே சொம்பில் தண்ணி கொண்டுவந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்ப என்னையும் தூக்கி உக்கார வைம்மா" என்றார். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். அம்மாவையும் கூப்பிட்டார்.

"நல்லா இருக்குது உங்க கூத்து. புள்ள வூட்ட விட்டுக் கெளம்புற நேரத்துல நான் உக்கார மாட்டேன்."

சொம்போடு நிலைப்படியிலேயே நின்றாள். நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தை பிறப்பதற்குள் போய்விட்டார். எனக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஃபோனில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது, மேளச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அறைத்தோழி பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நான் உட்கார்ந்ததைப் பற்றி அம்மா அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னால்தான் ஆயிற்று என்று நினைக்கிறாள், பெற்ற மகளாச்சே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சிறுநீரகம் எப்படிக் கெடும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள்தான். இருந்தும் அந்த எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தேசத்தின் மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த லீவு முடிந்து கிளம்பும்போது ஜாக்கிரதையாக நின்றுகொண்டே இருந்தேன். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். தண்ணிச் சொம்போடு நின்ற அம்மா அதைக் கீழே வைத்துவிட்டுப் போய், காலியாகக் கிடந்த அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உக்காரு" என்றாள்.

"வேணாம்மா. நேரமாச்சி."

"உக்காருன்றேன். எல்லாரும் உக்காந்தாதான் திரும்பி வந்து பாக்க முடியும்னு அன்னிக்கு சொன்ன. நான் ஒருத்திதான் நின்னுக்கினு இருந்தேன்."

பெட்டியைச் சாய்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.