ரத்தினம்மாவின் ஆட்சேபணை

ரத்தினம்மாவுக்குத் தன் ஊர் ஆண்பிள்ளைகள் மேல் மதிப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, ஏரியின் கடைமடையில் அவளுக்கு அறுபது சென்ட் நிலம். புருஷன் போன பிறகு ஏர் பிடிப்பதைத் தவிர மற்ற வேலையெல்லாம் அவளேதான். எல்லைத் தகராறு நடந்த வருஷங்களில், ஊர் எந்த ராஜ்யத்தில் சேர வேண்டும் என்று விசாரிக்க வந்த ஒரு அதிகாரியிடம் "நாங்க தமிழங்க" என்றும், அடுத்து வந்தவரிடம் "மேமு தெலுகுவாள்ளமண்டி" என்றும் அதே நாற்பது பேர் அதே கும்பிடோடு சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள். இதுகளுக்கு ரோஷம் ரத்தத்திலேயே இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் ஊர் ஆந்திராவோடு சேர்ந்தது. ஏரி நடுவே நிற்கும் கருவேல மரங்களில் மார்கழி, தையில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். அவற்றைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டர் போட்ட பழைய உத்தரவு ஒன்று இருந்தது. ஜில்லா மாறியதும் அந்தக் காகிதம் செல்லாது என்று சித்தூரில் துப்பாக்கி வைத்திருந்த நாலு பெரிய மனிதர்கள் கண்டுபிடித்தார்கள். பறவை மீனையெல்லாம் தின்று தீர்க்கிறதாம். சுடுவதற்கு லைசென்ஸ் கொடுத்தால் ஜனங்களுக்கு உபகாரமாம். மீன் மேல் இவர்களுக்குத் திடீரென்று வந்த கரிசனத்தை என்னவென்று சொல்ல!

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கிராம முன்சீப் ரங்கையா நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி, ஊரைக் கூட்டி நிறுத்தினார்.

"சுடறதுல யாருக்காவது ஆட்சேபணையா?" என்று அதிகாரி கேட்டார்.

"எவன் துப்பாக்கி எடுக்கறான் பாக்கலாம்" என்று முந்தின நாள் மீசையை முறுக்கியவர்கள் எல்லோரும் ரங்கையாவின் முகத்தைப் பார்த்தார்கள். ரங்கையா அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் சம்பத் என்பவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "தொரைக்கு இன்னா பதில் வேணும்? சொல்லுங்க, அப்டியே சொல்லிடறோம்."

ரத்தினம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"எனுக்கு ஆட்சேபண இருக்குது, எழுதிக்குங்க சாமி. அது துன்றது மீனில்ல, நத்த. நாத்த மேயற நத்தையெல்லாம் அதுங்கதான் பொறுக்குது. அதுங்க எச்சம் உயுந்து ஏரித் தண்ணியே எருவாவுது. முப்பது வருசமா என் கயனிக்கு ஒரு வண்டி எரு அடிச்சதில்ல. அதுங்கள சுட்டுட்டா நான் மண்ணத்தான் துன்னணும்."

"நீ ஒருத்திதானேம்மா?"

"ஒருத்திதான். மத்ததுங்கள ஆளுங்கன்னு நெனச்சிக்கினு கீறீங்களா?"

ரேகை வைத்துவிட்டுப் போனாள். ஒரு நிலக்காரி எதிர்த்தாலும் மேலே அனுப்ப வேண்டும் என்று விதியோ என்னவோ, ஃபைல் சித்தூருக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அது முடியும்வரை யாரும் சுட முடியாது. ஊரைக் கெடுத்தவள் என்று ரங்கையா அவளோடு பேச்சை நிறுத்தினார். அவளுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டு வருஷம் கழித்து, ஃபைலை முடித்துவைக்க வேறொரு அதிகாரி ஜீப்பில் வந்தார். அவருக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது என்ற சேதி அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. கேட்க வேண்டுமா?

"நம்ம ஊரு பட்சிங்க சாமி! அன்னிக்கே ஊரே தெரண்டு எதுத்தோம்" என்று ரங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது தலைகளும் ஆடின.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "இதுல ஒரு ரேகைதானே இருக்குது? ஊரே எதுத்ததுன்னாதான் நான் தடை உத்தரவு போட முடியும். ரத்தினம்மா யாரு? நீ சொல்லம்மா. எல்லாரும் எதுத்தாங்களா, நீ மட்டும்தானா?"

இரண்டு வருஷத்து வார்த்தையெல்லாம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. நிஜத்தைச் சொன்னால் போதும், இந்தக் கூட்டத்தின் மானம் கப்பலேறிவிடும். கூடவே லைசென்ஸும் வந்துவிடும். ஏரியில் நாரைக் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"ஆமா சாமி" என்றாள் ரத்தினம்மா. வாய் கசந்தது. "எல்லாருந்தான் எதுத்தோம். பயந்துக்கினு ரேக வெக்கல, அவ்ளோதான்."

அதிகாரி எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார். புழுதி அடங்குவதற்குள் ரங்கையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பாத்தியா ரத்தினம்மா, ஊரு ஒத்துமையா நின்னா இன்னா வேணா சாதிக்கலாம்."

அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, அவள் களை எடுக்கப் போனாள்.