மூன்றாவது வாரத்துக் குரல்

என் வீட்டுக்காரர் பெனடிக்ட் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவர். பகல் ஷிப்டு ஒரு வாரம், மாலை ஒரு வாரம், நைட் ஒரு வாரம். 2013இல் யாரோ காதில் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். அன்னாள் உன்னை விட்டுப் போய்விடுவாள் என்று என் பேரைச் சொல்லியே பேசுமாம். அந்தக் குரல் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் தோலை உரித்திருப்பேன்.

புதுச்சேரி டாக்டரம்மா மனச்சிதைவு என்றார். இரவில் ஒரு ஓலான்சபின் மாத்திரை. பழைய மருந்துகளைப் போல உடம்பு அவ்வளவாக விறைக்காது, ஆனால் தூக்கமும் பசியும் எடையும் கூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கூடியது. ஆறு இட்லி பத்தானது, பெல்ட் எட்டவில்லை. ஆனாலும் குரல் போய், மனுஷன் சிரித்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் குரல் திரும்பியது. அளவைக் கூட்டினார்கள். அடங்கியது, சரியாக மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. அப்படியே தொடர்ந்தது. நாலாம் மாதம் டாக்டரம்மா, "இது கேக்கலைன்னா வேற மாத்திரைதான். அதுக்கு வாராவாரம் ரத்தம் பாக்கணும்" என்றார். அதுவும் கேட்காவிட்டால் இவர் எனக்கு இல்லை என்று பயந்துபோனேன்.

ஆனால் நோய்க்கு வாரக் கணக்கு எப்படித் தெரியும்? விடை வராத கணக்கை நான் விடமாட்டேன். குரல் வந்த நாள்களைக் காலண்டரில் வட்டமிட்டு, ஷிப்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்தேன். தூக்கிவாரிப் போட்டது. எல்லா வட்டமும் நைட் ஷிப்டு வாரத்தில்.

"நைட் ஷிப்டுல மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "போட்டா தூங்கிடுவேன். மோட்டார் நின்னா தண்ணி ஏறிடும். கீழ ஆளுங்க வேலை செஞ்சிக்கினு இருப்பாங்க."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"லாயக்கில்லாதவன்னு நெனச்சு நீ போயிடுவியோன்னு..."

திட்ட வாயெடுத்த நான் அழுதுவிட்டேன்.

அட்டவணையையே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். "இதை நான் கேட்டிருக்கணும்" என்றார். அளவைப் பழையபடி குறைத்து, நைட் வாரத்தில் மட்டும் காலையில் வேலை முடிந்து வந்து, தூங்கப்போகும் முன் போடச் சொன்னார்.

அடுத்த நைட் வாரத்தின் ஆறாம் நாள் காலை. மாத்திரையை எடுத்து வைத்தேன். ஏழாவது இட்லியில் கையை நிறுத்திவிட்டு, "நீ போயிட மாட்டல்ல?" என்றார்.

"அது சொல்லுதா?"

"அது வரவே இல்ல. நான்தான் கேக்கறேன்."

"உங்களுக்கு இட்லி ஊத்தவே எனக்கு நேரம் பத்தல. நான் எங்க போறது?" என்று தட்டில் இன்னும் இரண்டு வைத்தேன்.