பொட்டு வைத்த வெள்ளை ஜாடி

இந்த ஊரில் ஜன்னலில் வைக்கிற எதுவும் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். எதிர் வீட்டு அம்மாள் ஃப்ராவ் க்ரூபர் ஒரு வெள்ளைப் பூ ஜாடி வைத்திருக்கிறார். அதில் ஒருநாளும் பூ இருந்ததில்லை. ஜாடியின் அழகான பக்கம் போகிற வருகிறவர்களுக்கு, மொட்டை முதுகுதான் அவர் நாற்காலிக்கு. காசு கொடுத்து வாங்கியவர் முதுகைப் பார்த்துக் காப்பி குடிக்கிறாரே என்று, மேற்கு ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும். நம் ஊரில் பூ தலைக்கும் சாமிக்கும், ஜாடிக்கு ஏது? ஆனால் ஒரு சனிக்கிழமை, ஃப்ளோமார்க்ட் என்கிற பழைய சாமான் சந்தையில், அதே மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அத்தோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

மெருகு ஏற்றாத பீங்கான் அது. தொட்டால் அரிசி மாவைத் தொட்டது போல இருக்கும். ஒன்று கசங்கிய காகிதம் மாதிரி, இன்னொன்று பலாத்தோல் மாதிரி முள்முள்ளாக. ஒரு காலத்தில் ஆசையாக வாங்கியவர்களே இப்போது பழசு என்று தள்ளிவிடுகிறார்கள். நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஒன்றைக்கூட இங்கே பிரித்து வைத்ததில்லை. எல்லாம் நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு. "இன்னும் ரெண்டு வருஷம், ஊருக்குப் போயிரலாம்" என்று என் கணவர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் சொல்வார். அதை நம்புவதற்கு எனக்கு அந்த ஜாடிகள் வேண்டியிருந்தன. ஊருக்குப் போகும்போதெல்லாம் சேலைகளுக்குள் சுற்றி எடுத்துப்போய் அந்த வீட்டு ஹாலில் அடுக்கினேன்.

வீட்டில் குடியிருந்து பார்த்துக்கொள்வது என் அண்ணனும் மதினியும். "டேப்ரிக்கார்டர் கொண்டாருவன்னு பாத்தா, சுண்ணாம்பு அடிச்ச சட்டியாக் கொண்டாந்து அடுக்குற" என்பார் அண்ணன். மதினிதான் தினமும் துடைத்து வைப்பார்.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் போய் இறங்கினோம். ஹாலுக்குள் நுழைந்ததும் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடிக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். பெட்டியைப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு ஓடினேன். மெருகில்லாத பீங்கான் குங்குமத்தைக் குடித்துவிட்டிருந்தது. துடைக்கத் துடைக்க ரோஸ் நிறமாகப் பரவியதே தவிரப் போகவில்லை.

"என்ன மதினி இப்பிடிப் பண்ணிட்டீங்க? எம்புட்டு அலைஞ்சு தேடுனது தெரியுமா?" அழுகையே வந்துவிட்டது.

மதினிக்கு முகம் சுண்டிப்போனது. "வீட்டுல இருக்கிற அம்புட்டுக்கும்தான் வச்சேன் தாயி. கிரைண்டருக்கு வச்சேன், பீரோவுக்கு வச்சேன், உங்கண்ணன் ஸ்கூட்டருக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விட்டா, யாரோ போட்டுட்டுப் போன சாமான் மாதிரி ஆயிராதா? நீ வராட்டியும் ஒன் சாமான் இந்த வீட்டுதுதான?"

நீ வராட்டியும். அதில் குத்தலே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. நாங்கள் திரும்பப் போவதில்லை என்பது எங்களுக்கு முன்பே மதினிக்குத் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது பலாத்தோல் ஜாடியை மட்டும் பொட்டோடு கேட்டு வாங்கிக்கொண்டேன். மதினி தன் சேலை ஒன்றில் சுற்றிக் கொடுத்தார். இங்கே வந்து அதைப் பிரித்து ஜன்னலில் வைத்தபோது, "இங்கயா வைக்கப் போற?" என்றார் என் கணவர். "ஆமா" என்றேன். இந்தப் புத்தாண்டுக்கு அவர் ரெண்டு வருஷப் பேச்சை எடுக்கவில்லை.

ஃப்ராவ் க்ரூபர் கறை நீக்கும் மருந்துப் புட்டியோடு வந்துவிட்டார். "கறை இல்லை. இது எங்கள் வீட்டுப் பொருள் என்பதற்கு அடையாளம்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். "முத்திரையா? அது அடியில் அல்லவா இருக்கும்!" என்று ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினார். உண்மைதான், அடியில் இந்த நாட்டு ஆலையின் முத்திரை நீலத்தில் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி புட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பொட்டைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கிறேன். சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டதும் என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.