தஸ்பீஹ் மணி தெரியும் கமரா

பரீதா மாமி வீட்டு டீவியில் அந்தப் படம் வந்ததும் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் கதைப்பதை நிறுத்தினார்கள். மணப்பெண் றிஸ்மியாவுக்கு அவளுடைய உம்மா பரீதா மாமி பால் பருக்குகிற படம். பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தில் நேரம் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு. மாமியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மஞ்சள் பூச்சு.

"என்ட மூஞ்சி எங்க புள்ள?" என்று மாமி கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தட்டிக்கொண்டே போனார். மாப்பிள்ளை மாலை போடுகிற படத்தில் கை நான்காகத் தெரிந்தது. கடைசியில் டீவியை நிறுத்திவிட்டு, "சரி, அல்லாட நாட்டம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் மருதமுனைக்காரி. பதினெட்டு வருஷமாகக் கல்முனைக்கு அக்கம்பக்கத்துக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குப் படம் எடுக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "றாத்தா, என்ன கமரா வாங்குற?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வெட்கப்பட்ட கதையைச் சொல்லாமல் கமராக் கதையை மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலில் எங்கள் வேலையின் சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் வெளியே பந்தலில் இருப்பார்கள். அதனால் பெண்கள் இருக்கும் அறையின் யன்னல் எல்லாம் பூட்டி, திரையும் இழுத்துவிடுவார்கள். பின்னேரம் நாலு மணிக்கே உள்ளே இருட்டு. முக்காடு இல்லாமல் இருக்கிற பெண்களின் படம் வெளியே போகக்கூடாது என்பதால், வருகிறவர்களின் போன் எல்லாம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் போய்விடும். உள்ளே போகிற ஒரே கமரா என்னுடையது. வேலை முடிந்து வாசலைத் தாண்டுவதற்கு முன் கமராவின் மெமரிக் கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொப்பி எடுக்கக்கூடாது. கமரா வெறும் வயிற்றோடுதான் வீடு திரும்பும்.

இதன் அர்த்தம் உங்களுக்கு விளங்க வேண்டும். ஆண்கள் பக்கத்துப் படக்காரர் வீட்டுக்குப் போய்க் கம்பியூட்டரில் போட்டு வெளிச்சம் கூட்டுவார், கூடாததை வீசுவார். நமக்கு அந்த வசதி கிடையாது. எடுத்தது எடுத்ததுதான்.

ஜூம் வாங்கிய புத்திசாலித்தனம்

அந்த மஞ்சள் பூச்சுக்குக் காரணம் என்னுடைய மரியாதை. சிரிக்காதீர்கள், உண்மை.

மணப்பெண்ணைச் சுற்றிப் பாயில் மாமிமார், சாச்சிமார் என்று நெருக்கமாக இருப்பார்கள். அவர்களுக்குள் கால் வைத்துப் போவது சரியில்லை என்று நினைத்து, நான் எப்போதும் மூலையில் நிற்பேன். மூலையில் நின்றே முகத்தைக் கிட்ட எடுக்கலாம் என்றுதான் முப்பது மடங்கு ஜூம் உள்ள ஒரு சின்னக் கமராவைப் பெருமையாக வாங்கினேன்.

ஜூமை இழுக்க இழுக்க லென்ஸ் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது. வெளிச்சம் காணாதபோது கமரா ஷட்டரை மெதுவாக்கிவிடும். ஆட்டத்தை நிறுத்துகிற வசதி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தது. இருந்தது என்பதும் மெய்தான். ஆனால் அது நிறுத்துவது என் கையின் ஆட்டத்தை. பால் பருக்குகிற மாமியின் ஆட்டத்தை அது எப்படி நிறுத்தும்? அதனால்தான் கடிகாரம் தெளிவாக விழுந்தது, மாமி கலைந்து போனார். கமராவின் குட்டித் திரையிலோ எல்லாப் படமும் அழகாகத்தான் இருந்தது. அந்தத் திரை பொய் சொல்லும் என்பதை டீவியில்தான் கண்டேன்.

மாமி என்னைப் பற்றி வெளியே ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த டீவியைப் பார்த்தவர்கள் பத்துப் பேர். பெண்கள் பக்கத்து வேலை வாயால் வருகிற வேலை, வாயாலேயே போகும். ஒன்றிரண்டு வருஷத்துக்குள் மாமியின் ஊரான நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அழைப்பும் இல்லாமல் போயிற்று. மாமிக்கு இளைய மகள் சப்னா இருந்தாள். எங்கள் வழக்கப்படி மூத்தவளுக்கு அந்த வீடு சீதனமாகப் போய்விட்டதால், சப்னாவுக்காகப் பக்கத்து வளவில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சப்னாவின் கலியாணத்துக்கு மாமி என்னைக் கூப்பிட்டால் இந்த வேலையில் இருப்பது, இல்லையென்றால் தையல் மெசினுக்கே திரும்பிப் போவது என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

றிபாய் காக்காவின் லாச்சி

கல்முனைக் கடைத் தெருவில் றிபாய் காக்காவின் கமராக் கடை. நான் போன அன்று, புதிதாக வந்த ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"நாப்பது மடங்கு ஜூம் றாத்தா. சந்திரனே தெரியும்."

"எனக்குச் சந்திரன் வேணாம் காக்கா. பூட்டின அறைக்குள்ள மணப்பொண்ணு தெரியோணும்."

"அப்ப பிளாஷப் போடுங்களன்."

பிளாஷ் ஒரு முறை மின்னினால் போதும், அறையில் உள்ள அத்தனை பேரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். மணப்பெண்ணின் பவுடர் முகம் கோதுமை மா மாதிரி வெளுக்கும். ஆண்கள் பக்கத்துப் பெரிய கமராவை ஒரு தடவை இரவல் வாங்கிக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதைக் கண்டதும் எல்லோரும் அடையாள அட்டைப் படத்துக்கு இருப்பது போல விறைத்து இருந்தார்கள். எனக்கு வேண்டியது மடியில் வைத்தால் தெரியாத சின்னக் கமரா, இருட்டிலும் பார்க்கத் தெரிந்த கமரா.

"ஒரு சோதினை செய்யட்டா?" என்று கேட்டேன். "கடை லைட்ட ஒருக்கா நிப்பாட்டுங்க."

"பகல்ல கடைய இருட்டாக்கிப்போட்டு நானும் நீங்களும் உள்ள நிண்டா ஊரு என்னத்தக் கதைக்கும்?" என்றார் காக்கா.

அதுவும் சரிதான். அவர் கையில் எப்போதும் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணிமாலை ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் கையைக் கவுண்டருக்குக் கீழே, நிழலுக்குள் வைத்து, வழக்கம்போல ஓதிக்கொண்டே மணியை உருட்டச் சொன்னேன். நான் கொண்டுபோயிருந்த என் சொந்தக் கார்டைப் போட்டுச் சந்திரக் கமராவால் ஐந்து படம் எடுத்தேன்.

"வேற சின்னக் கமரா ஒண்டும் இல்லியா?"

கவுண்டர் லாச்சியை இழுத்துக் கிண்டி ஒன்றை எடுத்தார். பட்டி கொழுவுகிற வளையம் உடைந்த பழைய கமரா. "இது ரெண்டாம் கை. ஜூம் மூணு மடங்குதான். நெட்டும் இல்ல, வைஃபையும் இல்ல. ஒருத்தரும் வாங்குறல்ல."

"உள்ளுக்க மெமரி ஏதும் இரிக்கா?"

"கார்ட் இல்லாட்டி ஒண்டும் பதியாது."

அந்தப் பதில்தான் என்னை அதன் பக்கம் சாய்த்தது. படம் வெளியே போக வழியே இல்லாத கமரா எங்கள் வீடுகளுக்கென்றே செய்தது போல இருந்தது. லென்ஸின் முகத்தில் 1.8 என்று எழுதியிருந்தது. என்னுடைய ஜூம் கமராவில் அந்த இலக்கம் 3.5. இலக்கம் குறையக் குறைய லென்ஸின் கண் பெரிது. உள்ளே இருக்கிற சென்சரும் மற்றதைவிடப் பெரிது என்று காக்கா சொன்னார். இதிலும் ஐந்து படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டீவியில் போட்டேன். சந்திரக் கமராவில் மணிகள் எல்லாம் உருகி ஒரே கயிறாகிக் கிடந்தன. பழைய கமராவில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது, காக்காவின் பெருவிரல் நகத்தில் இருந்த கீறல்கூட. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"றிபாய் காக்காட கையப் பாக்கவா டீவி வாங்கின நாம?" என்று கேட்டுவிட்டு என் புருஷன் வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அதை வாங்கினேன். பற்றரி கிழடு என்பதால் இன்னும் இரண்டு பற்றரியும் எடுத்துக்கொண்டேன். ஜூமை அப்படியே மறந்தேன். இந்தக் கமராவிலும் ஜூம் இழுத்தால் 1.8 போய்விடும். ஆகவே கிட்ட எடுக்க வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும், வேறு வழியில்லை. வெளிச்சத்தைக் கூட்டிப் பிடிக்கிற ஐ.எஸ்.ஓ. ஆயிரத்தறுநூறு, ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கைவிட மெதுவாகாது என்று வைத்துப் பழகினேன். கொஞ்சம் மணல் தூவின மாதிரிப் புள்ளி விழும். விழட்டும். புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம், கலைந்த முகத்தைக் காண முடியாது.

குசினியில் ஒரு நேர்முகப் பரீட்சை

கமராவையும் டீவி வயரையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் நிந்தவூருக்கு பஸ் ஏறினேன். மாமி குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கூரையில் ஒரு சின்ன பல்ப். சலாம் சொல்லி, "மாமி, ஒங்கட கைய மட்டும் ஒருக்கா எடுக்கட்டா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நான்கு படம் எடுத்து, முன்னறைக்குப் போய் அதே டீவியில் வயரைக் கொழுவினேன்.

மாமி கையைத் துடைக்காமலே வந்து நின்று பார்த்தார். உரலை அழுத்துகிற கை. விரலிடுக்கில் மா.

"இது என்ட கையா?"

"ஓம் மாமி."

"மோதிரத்துக்குள்ள மா ஒட்டின கூடத் தெரியிதே." முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு, "இவ்வளவு நாளும் ஏன் இந்தப் பக்கம் வரல்ல?" என்றார்.

"வெக்கம் மாமி."

"வாற மாசம் சப்னாக்குக் கலியாணம். வந்து எடு."

"ஒரு விருப்பம். நான் பாயில மணப்பொண்ணுக்குப் பக்கத்துல இரிக்கோணும்."

"இரியன். போன முறை உன்ன மூலைக்குள்ள நிக்கச் சொன்னது ஆரு?"

ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் போய் நின்றேன்.

சப்னாவின் பால் கிண்ணம்

புது வீட்டின் அறை பழையதைவிட இருட்டு. போதாததற்கு அலங்காரக்காரர் மணப்பெண்ணின் கதிரையைச் சுற்றி நீல லைட் மாலை கட்டியிருந்தார்.

"மகள், அந்த நீலத்த நிப்பாட்டி வெள்ள பல்பப் போடுவமா?" என்று சப்னாவைக் கேட்டேன்.

"நீலம்தான் றாத்தா வடிவு."

"வடிவுதான். டீவியில உன்ட மூஞ்சியும் நீலமாத்தான் வரும்."

அவள் சிரித்துவிட்டு நிறுத்தச் சொன்னாள். நான் ஆட்கள் வருவதற்கு முன்பே போய்ப் பாயில் இருந்துவிட்டேன். அரை மணித்தியாலத்தில் நானும் ஒரு சாச்சியாகிவிட்டேன். வெற்றிலைத் தட்டு என்னிடமும் வந்தது. கமரா மடியில் கிடந்தது. ஒருவரும் முக்காட்டை இழுக்கவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வரும் நேரம் குரவை எழுந்தது. அவர் மாலை போட்டார், தாலி கட்டினார். பிறகு மாமி பால் கிண்ணத்தோடு குனிந்தார். சப்னாவின் உதட்டில் கிண்ணம் பட்டதும் மாமியின் முகம் உடைந்தது. வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் ஒரு முழம் தள்ளி இருந்தேன். மூன்று முறை அழுத்தினேன்.

வேலை முடிந்ததும் வழக்கப்படி கார்டைக் கழற்றி மாமியின் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், திரும்ப என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"கொண்டு போ. போன முறையும் உன்ட கையில தந்திருந்தா நீயாவது பாத்து நல்லத்தத் தெரிஞ்செடுத்திருப்பாய். கூடாதத அழிச்சிப்போட்டு நாளைக்குக் கொண்டா."

இந்தப் பதினெட்டு வருஷத்தில் வேறு ஒரு வீட்டிலும் எனக்குக் கார்டைத் தந்ததில்லை. முச்சக்கர வண்டியில் வீடு வரும்வரை கையை விரிக்கவில்லை. வீட்டில் மகன்மாரும் இவரும் இருந்தார்கள், டீவி முன்னறையில். கார்டை நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பார்க்கவில்லை. பார்க்காமலே என்ன இருக்கிறதென்று தெரிந்த முதல் கலியாணம் அது.

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். மாமி, சப்னா, கைப்பிள்ளையோடு மூத்தவள் றிஸ்மியா, நான், நான்கு பேரும் டீவிக்கு முன்னால் இருந்தோம்.

"எத்தின அழிச்ச?" என்று மாமி கேட்டார்.

"ஒண்டும் இல்ல மாமி."

பால் கிண்ணம் வந்தது. கண்ணீர், சுருங்கிய நெற்றி, திறந்த வாய், எல்லாம் அப்படியே.

"இத அழிச்சிரிக்கலாமே புள்ள. கிழவி அழுற கோலத்தப் பாரு" என்று மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

றிஸ்மியா எழுந்து டீவிக்குக் கிட்டப் போனாள். "உம்மா, என்ட கலியாணத்திலயும் இப்பிடித்தான் அழுதீங்களா?"

"அதவிடக் கூட" என்றார் மாமி.

எனக்குத் தலை நிமிரவில்லை. றிஸ்மியா என் பக்கம் திரும்பினாள். "றாத்தா, இந்தப் படத்துல ஒண்டு எனக்குக் கழுவித் தாங்க."

என்ன கமரா வாங்குவது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சந்திரனைக் காட்டுகிறதை வாங்காதீர்கள். உருளுகிற தஸ்பீஹ் மணியை நிழலுக்குள் எண்ணக் காட்டுகிறதை வாங்குங்கள், வாங்கிக்கொண்டு பாயில் போய் இருங்கள். அந்தப் பால் கிண்ணப் படம் தங்கச்சியின் கலியாணப் படம். ஆனால் இன்றைக்கும் அது றிஸ்மியாவின் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது.