பற்றறி அண்ணையின் பழி

பாரிஸில் ஒரு ரொக் கச்சேரிக்குக் கார் பற்றறி சுமந்துகொண்டு போன ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். இணையம் வராத காலம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மதுச்சாலை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் எங்கள் பாட்டுக் குழுவுக்கு மேடை தர ஒப்புக்கொண்டார். ‘பத்ரி’யை மட்டும் நாங்களே கொண்டுவர வேண்டுமாம். ஊரிலிருந்து வாசிப்பவர்களே, உங்களுக்கு இது விளங்கும். கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் பாட்டுக்கோஷ்டி கார் பற்றறியில்தானே ஓடியது? புறநகரான கூசேன்விலில் நண்பனின் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

“பத்ரி?” என்றார் மதுச்சாலைக்காரர்.

“வுவாலா,” இந்தாருங்கள் என்று பிரெஞ்சிலேயே சொல்லி மேடையில் இறக்கினேன்.

பிரெஞ்சில் ‘பத்ரி’ என்றால் டிரம்ஸ். அவர் சிரித்தது பரவாயில்லை. பிரெஞ்சு தெரிந்த எங்கள் பாடகன் வசி சொன்னதுதான் இன்றுவரை ஆறவில்லை: “நீ கழட்டேக்கையே எனக்குத் தெரியும் மச்சான். சனம் சிரிச்சா நாளைக்கும் வரும்.”

அன்றிலிருந்து எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் ‘பற்றறி அண்ணை’.

முதல்நாள் வந்தவர்கள் பதினொரு பேர். நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். பிறகு கூட்டம் சேர்ந்தது தன் குரலுக்கு என்று வசி நம்பினான். சேர்த்தவன் நான். இரவல் ரெக்கோடரில் எங்கள் பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து, ஒவ்வொரு அட்டையிலும் கையால் எழுதினேன்: ‘கேட்டவர் இன்னும் இருவருக்குப் பதிந்து கொடுக்கவும்.’ சலூனில் ஒன்று, மளிகைக்கடைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு வருடத்தில் லியோனிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்து கூடவே பாடினார். பாதிச் சொற்கள் பிழை. பிரதியின் பிரதியின் பிரதியைக் கேட்டிருக்கிறார்; அதனோடு வந்த அட்டை மட்டும் என் கையெழுத்தின் போட்டோக்கொப்பி.

குழு உடைந்தது. மூலக் கசெற் என்னிடம் தங்கியது. காத்திருந்தேன்.

இருபது வருடம் கழித்து வசி வீடு தேடி வந்தான். ரூ லூயி-பிளாங்க் தெருவில் அவனுடைய சாப்பாட்டுக் கடைக்குப் பத்தாண்டு நிறைவு.

“மச்சான், விழாவுக்குப் பழைய பாட்டுகள் போடவேணும். கசெற் உன்னட்டைத்தானே?”

“ஓம்.”

“தாவன்.”

“ஏலாது. பற்றறி இறங்கிப்போச்சு.”

இருபது வருடம் ஒத்திகை பார்த்த வசனம். அவன் முகம் கறுத்துப் படியிறங்கியதைப் பார்த்தபடி குடித்த தேநீருக்குச் சீனியே தேவைப்படவில்லை.

விழாவன்று, அந்தக் கடையின் மௌனத்தை ரசிக்கவென்றே அந்தப் பக்கம் போனேன். உள்ளே எங்கள் பாட்டு, இரைச்சலும் கரகரப்புமாக.

“வாங்கோ பற்றறி அண்ணை,” என்றார் கல்லாவிலிருந்த வசியின் மனைவி. “லியோனிலை ஆரோ தன்ரை கசெற்றை இன்ரநெற்றிலை ஏத்தியிருக்கிறார்.”

தொலைபேசியை நீட்டினார். திரையில் அந்தப் பழைய அட்டை: ‘கேட்டவர் இன்னும் இருவருக்கு…’

“உங்கடை கையெழுத்தோ? நல்ல வடிவு. குழுவிலை எல்லாற்றை பேரும் கிடக்கு அண்ணை. உங்கடையை மட்டும் எழுத மறந்திட்டியள்.”